தேகபலத்துக்குத் துணைச்சத்து: எது நியாயம், எது அநியாயம்?



இந்நாட்களில் பல வீடுகளின் சமையற்கட்டில், உப்பு ஜாடிக்கும் புளிப்பானைக்கும் அருகே, கறுத்த நிறமுள்ள ஒரு பெரிய டப்பாவும் இடம்பிடித்திருக்கிறது. ஜிம்முக்குப் போகிற பிள்ளை அதிலிருந்து ஒரு கரண்டித் தூளை எடுத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறான். தாய்மார் கேட்கிறார்கள்: "சாமி, இதைப் பிள்ளை சாப்பிடலாமா? பின்னால் கெடுதல் வராதா? இது பாவமா?" பிள்ளைகள் கேட்கிறார்கள்: "சாமி, பாலிலிருந்து எடுத்த தூள்தானே, இதில் என்ன தப்பு?" இவ்விரு கேள்விகளுக்கும் ஒரே சொல்லில் பதில் கூற இயலாது. ஏனெனில் கடையில் ஒரே அலமாரியில் அடுக்கியிருந்தாலும் இவையெல்லாம் ஒரே ஜாதிப் பொருள்களல்ல. வாங்குகிறவர்களின் நிலைமையும் ஒன்றல்ல. ஆகையால் சற்றுப் பொறுமையாய் இதை ஆராய்வோம்.

முதலாவது ஒன்றைத் தெளிவாய்ச் சொல்லிவிட வேண்டும். தேகபலத்தை விரும்புவது குற்றமன்று. வலை இழுக்கிறவனுக்கும், சாந்துச்சட்டி சுமக்கிறவளுக்கும், பாரவண்டி ஓட்டுகிறவனுக்கும் பலம் வேண்டும். போலீஸ் வேலைக்கோ இராணுவத்துக்கோ ஆயத்தம் செய்கிற வாலிபனுக்கு அது வயிற்றுப்பாட்டுக் காரியம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்று நம் பெரியோர் சொன்னது சும்மா அல்ல. 1992-இல் வெளியான திருச்சபையின் ஞானோபதேசப் பெருநூலும், உயிரையும் உடல்நலத்தையும் சர்வேசுரன் நம்மிடம் ஒப்படைத்த விலையுயர்ந்த கொடைகளென்று சொல்லி, அவற்றை நியாயமான அக்கறையோடு பேணும்படி கற்பிக்கிறது. அதே இடத்தில், தேகத்தையே தெய்வமாக்கி அதற்காக மற்றெல்லாவற்றையும் பலியிடுகிற மனப்பான்மையைக் கண்டிக்கவும் செய்கிறது. உணவு, மது, புகையிலை ஆகியவற்றோடு மருந்தின் அளவுமீறலையும் மட்டசனம் என்னும் புண்ணியத்துக்கு விரோதமாக அது வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆக, பலம் நல்லது. அதைத் தேடும் வழியில்தான் நன்மையும் தின்மையும் பிரிகின்றன.

துணைச்சத்து என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். துணை என்றால் குறைவான இடத்தில் வந்து நிற்பது. ஆகையால் இதை வாங்க நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் தமக்குள் கேட்கவேண்டிய கேள்வி, "எனக்குக் குறைவாயிருப்பது எது?" என்பதே. குறை இன்னதென்று அறிந்து, அதை நேர்மையான பொருளால் நிரப்பினால் அது விவேகம். குறையே இல்லாத இடத்தில் மேலும் கொட்டினால் அது வீண். அந்த வீணுக்கு வீட்டிலே வேறொருவர் விலை கொடுக்கிறார். குறையை நிரப்பாமல், இருப்பதை மறைத்து இல்லாததைக் காட்டுவதற்காகச் சேர்த்தாலோ அது வஞ்சகம். என் ஆலோசனை முழுவதும் இந்த மூன்றிலும் அடங்கும்.

முதலில் குறையை அறிவதைப் பற்றிப் பேசுவோம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த கணக்குப்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு, கிலோவுக்கு 1.6 கிராம் அளவுக்குப் பின் சராசரியாகத் தசை வளர்ச்சியில் மேலும் பலன் தெரியவில்லை என்று கண்டது. அப்படியானால் அந்த 60 கிலோ வாலிபன் கடும்பயிற்சி செய்தாலும் சுமார் 96 கிராம் போதும்.

இதைச் சாப்பாட்டிலேயே பெறமுடியாதா என்று கணக்குப் பார்ப்போம். ஒரு நாளில் சமைக்கும் அரிசி 300 கிராமில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு. பருப்பு 60 கிராமில் 13. அரை லிட்டர் பாலில் 16. மூன்று முட்டையில் 18. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் நிலக்கடலையில் 12. மீன் 100 கிராமில் 18. கூட்டிப் பாருங்கள், 97 ஆகிறது. ஒரு டப்பாவும் தேவைப்படவில்லை. இத்தனையும் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளை மேலும் இரண்டு கரண்டித் தூள் குடித்தால் அந்தத் தூள் தசையாக மாறாது. உடல் அதை எரித்துவிடும், அல்லது கொழுப்பாக்கிச் சேர்க்கும். அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரோடு போய்விடும். பணமும் அதோடு போகும்.

"சாமி, எங்கள் வீட்டில் தினமும் மூன்று முட்டையும் மீனும் ஏது?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாள்கூலியில் நடக்கும் குடும்பத்தில் சோறும் ரசமும் ஊறுகாயும் என்று கழிகிற நாட்கள் உண்டு. அங்கே குறை மெய்யாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க விலையுயர்ந்த டப்பாதான் வழியென்று யார் சொன்னது? ஒரு கரண்டித் தூளில் சாதாரணமாக 24 கிராம் புரதம். அதே அளவு நான்கு முட்டையில் உண்டு. மீல்மேக்கர் என்று நாம் சொல்லுகிற சோயா உருண்டை 50 கிராமிலும் அவ்வளவு உண்டு. அதன் விலையும் டப்பாவின் விலையும் உங்களுக்கே தெரியும். பொட்டுக்கடலையும் கொண்டைக்கடலையும் எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழி இங்கேயும் பொருந்தும். அதே தேசிய நிறுவனம் 2024-இல் இந்தியருக்காக வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளில், தசை வளர்ப்பதற்காகப் புரதத்தூள்களை உண்பதைத் தவிர்க்கும்படி புத்தி சொல்லியிருக்கிறது. ஆரோக்கியமானவர் அளவோடு எடுத்தால் தீங்கில்லை என்று சொல்லுகிற விளையாட்டு ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளரும் உண்டு. ஆனால் சாப்பாடுதான் முதல், தூள் பிறகு என்பதில் இரு சாராருக்கும் பேதமில்லை.

தாக்குப்பிடித்து ஓடும் சக்தி வேண்டுமென்போர் புரதத்தைப் பற்றி மட்டும் யோசிப்பதும் சரியல்ல. ஓடுகிற காலுக்கு எரிபொருளாவது பெரும்பாலும் மாவுச்சத்து. சோற்றையும் இட்லியையும் விரோதிபோல் தள்ளிவிட்டு ஓடப்போகிறவன், அடுப்பில் விறகில்லாமல் உலை வைத்தவனைப் போல் ஆவான். அன்றியும் ஓட்டத்தில் மூச்சு வாங்குவதற்கு இரத்தசோகையே காரணமாயிருக்கலாம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், நம் தேசத்தில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கும், ஆண்களில் 25 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை காணப்பட்டது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்த பெண்பிள்ளைக்கு எந்தப் புரதத்தூளும் ஓட்டத்தைக் கொடுக்காது. அவளுக்கு வேண்டிய துணைச்சத்து இரும்புச்சத்து மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்து பார்த்து, வைத்தியர் சொன்னபடி அதை உட்கொண்டு, கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து, டீயும் காப்பியும் அந்நேரத்தில் தவிர்த்தால், சில மாதங்களில் மாற்றம் தெரியும். குறையை அறிந்து நிரப்புவது என்று நான் சொல்வது இதைத்தான்.

அடுத்ததாக, மெய்யாகவே ஓரளவு பலன் தருகிற சில பொருள்களைப் பற்றி நேர்மையாய்ச் சொல்லவேண்டும். எல்லாமே ஏமாற்று என்று அடித்துப் பேசினால் பிள்ளைகள் நம் பேச்சை நம்பமாட்டார்கள். அது உண்மையும் அல்ல.

கிரியேட்டின் என்பது இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஒரு பொருள். 1832-இல் செவ்ரல் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி இறைச்சியிலிருந்து அதைப் பிரித்துக் கண்டார். நம் உடலும் தானாகவே நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் உண்டாக்கிக்கொள்கிறது. நாள்தோறும் 3 முதல் 5 கிராம் உட்கொண்டு, கூடவே எடைப்பயிற்சியும் செய்கிறவர்களுக்குக் குறுகிய நேரத்தில் வெளிப்படுகிற பலம் சற்றுக் கூடுமென்பது பல சோதனைகளில் தெளிவான காரியம். ஆனால் உடலில் நீர் சேர்ந்து எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். நெடுந்தூர ஓட்டத்துக்கு இதனால் பெரிய உதவி இல்லை. சிறுநீரகக் கோளாறுள்ளவர்கள் இதைத் தொடக்கூடாது. காப்பியிலுள்ள காஃபின் களைப்பைத் தாமதப்படுத்தும். பந்தய வீரர்களுக்கு விலக்கப்பட்ட பொருள்களின் பட்டியலிலிருந்து அது 2004-இல் நீக்கப்பட்டது. ஆயினும் வயதுவந்தவர்க்கும் நாளொன்றுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் போகாமலிருப்பது நல்லதென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் கூறியது. அளவு தெரியாத பயிற்சிக்கு முந்திய தூள்களை இரட்டைக் கரண்டியாய்ப் போட்டு நெஞ்சு படபடக்க ஓடுவது விவேகமன்று. பீட்ரூட் கிழங்கிலுள்ள நைட்ரேட், ஓடும்போது தேவைப்படும் பிராணவாயுவைச் சற்றுக் குறைக்கிறதென்று 2009-இல் இங்கிலாந்தின் எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். அதற்குச் சந்தைக் கிழங்கே போதும். இவையெல்லாம் கடைசி அங்குலத்துக்கு உதவுகிறவை. உணவும், உறக்கமும், தவறாத பயிற்சியும் இல்லாதவனுக்கு இவற்றால் ஆவதொன்றுமில்லை.

இனி நீதியைப் பற்றிப் பேசவேண்டும். டப்பா வாங்கும் பணம் யாருடையது? சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்குகிற அந்தத் தூள் ஒரு மாதம் வருவதே அரிது. சம்பாதிக்கிறவன் தன் பணத்தில், வீட்டுக் கடமைகளை முடித்து, மிச்சத்தில் வாங்கினால் அது அவன் விருப்பம். ஆனால் அப்பாவின் கூலியிலோ, அம்மா மகளிர் குழுவில் வாங்கிய கடனிலோ வாங்கினால், அந்த வீட்டில் யாருடைய தட்டில் எது குறைகிறது என்று பார்க்கவேண்டியது கடமை. பல வீடுகளில் இன்னும் முட்டையும் மீன்துண்டும் முதலில் மகனுக்குப் போகின்றன. சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் தாய். "பெண்பிள்ளைதானே" என்று மகளுக்கும் குறைத்து வைக்கப்படுகிறது. அதே மகள்தான் மேலே சொன்ன நூற்றில் 57 பேரில் ஒருத்தியாக இருக்கலாம். மகனின் புஜம் ஒரு அங்குலம் பெருக்கவேண்டும் என்பதற்காக மகள் மயங்கி விழுந்தால், அந்தப் பலத்தை நல்ல பலமென்று எப்படிச் சொல்வோம்? தகப்பன்மாரே, தாய்மாரே, இதில் உங்களுக்குள்ள பங்கைப் பிள்ளைகள் மேல் சுமத்திவிட முடியாது. தட்டுகளை நிரப்புகிறவர்கள் நீங்கள். வாலிபப் பிள்ளைகளே, உங்கள் தங்கையின் தட்டைக் கவனித்துப் பார்த்தபின் உங்கள் டப்பாவைத் திறவுங்கள்.

நீதி விற்கிறவனையும் கட்டும். 2024-இல் வெளியான ஒரு பரிசோதனையில், இந்தியாவில் விற்கப்படும் 36 புரதத் துணைச்சத்துகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ 70 சதவீதம் மேலே அச்சிட்ட அளவுக்கும் உள்ளே இருந்த புரதத்துக்கும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. சுமார் 14 சதவீதத்தில் பூஞ்சைக்காளானின் நச்சும், 8 சதவீதத்தில் பூச்சிமருந்தின் மிச்சமும் காணப்பட்டன. நம் நாட்டுச் சட்டப்படி இத்தகைய பொருள்மேல் உணவுப் பாதுகாப்பு அதிகாரம் தரும் 14 இலக்க உரிம எண்ணும், இது மருந்தாகப் பயன்படுத்தத்தக்கதன்று என்ற எச்சரிக்கையும் இருக்கவேண்டும். அவையில்லாத டப்பாவை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். உடற்பயிற்சி கற்பிக்கிற நம் பங்குச் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் பயிலும் பையன் உங்களைக் குருவைப்போல் நம்புகிறான். "இதை வாங்கினால்தான் உடம்பு ஏறும்" என்று நீங்கள் சொல்லும்போது, அதை விற்பதில் உங்களுக்குக் கிடைக்கும் கமிஷனை அவனுக்குச் சொல்லாமல் மறைத்தால், அந்த யோசனையில் அநீதி கலந்துவிடுகிறது.

வாங்குகிறவனுக்கும் பொறுப்புண்டு. 2011-இல் நம் இந்தியாவின் தொடர் ஓட்ட வீராங்கனைகள் சிலர் ஊக்கமருந்துச் சோதனையில் அகப்பட்டார்கள். 2010 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். பயிற்சியாளர் சீனாவில் வாங்கிக் கொடுத்த ஜின்செங் மாத்திரையில் அது கலந்திருந்தது, தங்களுக்குத் தெரியாது என்று அவர்கள் முறையிட்டார்கள். இங்கே முதலில் ஓராண்டு தடை விதிக்கப்பட்டது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-இல் அதை இரண்டாண்டாக உயர்த்தியது. வாயில் போடுவது இன்னதென்று தெரிந்துகொள்வது போடுகிறவரின் கடமை என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. தெரியாமல் செய்ததற்குக் குற்றம் குறையும் என்று நம் ஒழுக்க சாஸ்திரமும் ஒத்துக்கொள்ளும். ஆனால் விசாரித்திருக்கக்கூடிய ஒருவன் விசாரியாமல் விட்டால், அந்த அறியாமை அவனை முழுதும் காப்பாற்றாது என்றும் அதே சாஸ்திரம் சொல்லும்.

இப்போது மிகவும் வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். அறுவைச் சிகிச்சையின்போது இறங்கிப்போகும் இரத்த அழுத்தத்தை உயர்த்துவதற்காக வைத்தியர்கள் ஏற்றுகிற மெஃபென்டெர்மைன் என்னும் ஊசிமருந்தை, உடற்பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் முன் வாலிபர் சிலர் ஏற்றிக்கொள்ளும் கேடு நம் நாட்டில் பரவியிருக்கிறது. ஆண்மைச் சுரப்பைப்போல் செய்யப்பட்ட ஸ்டீராய்டு ஊசிகளும் மாத்திரைகளும் இரகசியமாய்க் கைமாறுகின்றன. முதலாவது பொருள் இருதயத்தை விரட்டி, இரத்த அழுத்தத்தை ஏற்றி, பழக்கத்துக்கு அடிமையாக்கி, சிலருக்குப் புத்தியையும் பேதலிக்கச் செய்யும். இரண்டாவது பொருள் உடல் தானே சுரப்பதை நிறுத்தி மலட்டுத்தன்மைக்கு வழிவகுக்கும்; நல்ல கொழுப்பைக் குறைத்து இருதயத்தைக் கெடுக்கும்; வளருகிற வயதில் எலும்பின் வளர்ச்சியை முன்னதாகவே முடித்துவிடும். இவற்றைத் துணைச்சத்து என்று அழைப்பதே பொய். இவை எந்தக் குறையையும் நிரப்புவதில்லை. களைத்த உடம்பு "போதும்" என்று இடும் கூக்குரலை அமுக்கிவிடுகின்றன.

சரித்திரத்தில் இதற்கொரு பழைய திருஷ்டாந்தம் உண்டு. 1904-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் நெடுந்தூர ஓட்டம் கடும் வெயிலில் நடந்தது. தாமஸ் ஹிக்ஸ் என்பவர் தள்ளாடும்போது, கூட வந்தவர்கள் முட்டை வெள்ளைக்கருவில் ஸ்டிரிக்னைனைக் கலந்து கொடுத்தார்கள், பிராந்தியும் கொடுத்தார்கள். ஸ்டிரிக்னைன் என்பது நம் ஊர் எட்டிக்கொட்டையின் விஷமேயாகும். அவர் நினைவு தடுமாறி, தாங்கிப் பிடிக்கப்பட்டு, எல்லைக்கோட்டைக் கடந்து தங்கம் பெற்றார். உயிர் பிழைத்ததே பெரிது. அன்றைக்கு அதைத் தடுக்கும் விதி இருக்கவில்லை; ஊக்கமருந்துகளைத் தடகள சம்மேளனம் விலக்கியது 1928-இல்தான். விதியில்லாத காலத்திலும் மனிதனுக்கு எட்டி விஷம் விஷமாகவே இருந்தது. "இதற்குச் சோதனை கிடையாது, யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள்" என்று இன்று சொல்லுகிறவன் இதைச் சிந்திக்கட்டும்.

ஆனால் ஒரு ஆட்சேபம் உண்டு. அதை இலேசாய்த் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு வாலிபன் சொல்லக்கூடும்: "சாமி, நான் பகட்டுக்காகக் கேட்கவில்லை. அப்பாவுக்கு வேலை செய்ய முடியவில்லை. அக்காவுக்குக் கலியாணம் ஆகவேண்டும். போலீஸ் தேர்வுதான் எனக்கிருக்கும் ஒரே வழி. மைதானத்தில் பக்கத்தில் ஓடுகிறவன் ஊசி போட்டுக்கொண்டு ஓடுகிறான். நான் மாத்திரம் யோக்கியனாய் ஓடித் தோற்றால், என் வீட்டுக்குச் சோறு யார் போடுவார்கள்?"

தம்பி, உன் கஷ்டம் மெய்யானது. உன் நோக்கமும் நல்லதே. ஆனால் நல்ல நோக்கம் ஒரு செயலை முழுதும் நல்லதாக்கிவிடாது. செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றும் நேராயிருக்கவேண்டும் என்பது ஒழுக்க சாஸ்திரத்தின் முதற்பாடம். அந்தத் தேர்வு எதைக் கேட்கிறது என்று பார். கள்வனைத் துரத்தவும், வெள்ளத்தில் சிக்கியவனைத் தூக்கவும் உன் தேகம் உதவுமா என்று கேட்கிறது. ஊசியின் வேகம் ஒரு காலைப்பொழுதுக்குத்தான். அதன்பின் முப்பது ஆண்டு உத்தியோகத்தில் ஓடவேண்டியது உன் சொந்தக் கால். அன்றியும் ஊசி போட்டவன் வென்றால், போடாத இன்னொரு ஏழையின் இடத்தை அவன் எடுத்துக்கொள்கிறான். அந்த ஏழைக்கும் நோயாளியான தகப்பனும் கலியாணமாகாத அக்காவும் இருப்பார்கள். சட்டத்தைக் காக்கும் உத்தியோகத்துக்கு வஞ்சகத்தின் வழியாய் நுழைவது எவ்வளவு பொருத்தமற்றது என்பதையும் யோசி.

மேலும் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். நம் மாநிலக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடவேண்டும். அதாவது 100 மீட்டருக்கு 28 விநாடி; 400 மீட்டர் மைதானத்தில் ஒரு சுற்றுக்கு 112 விநாடி. இது சாதனை ஓட்டமல்ல. நோயில்லாத வாலிபர்களில் பெரும்பாலோர் ஐந்தாறு மாதம் ஒழுங்காய்ப் பயின்றால் எட்டக்கூடிய வேகமே. முதல் மாதம் மெதுவாய் அரைமணி நேரம் நில்லாமல் ஓடப் பழகு. பிறகு வாரத்தில் ஒரு நாளோ இரு நாளோ 400 மீட்டரை 110 விநாடியில் ஓடி, மூச்சு வாங்கி, மறுபடி ஓடு. ஒரு நாள் முழு ஓய்வு எடு. இரவு எட்டு மணிநேரம் தூங்கு; கைப்பேசியை வேறு அறையில் வை. கயிறு ஏறுவதற்குத் தண்டாலும், கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும் பயிற்சியும் போதும். பலர் ஊசியை நாடுவது, தேர்வுக்கு மூன்று வாரமிருக்கும்போது ஆறு மாதத்து வேலையைச் செய்யப் பார்ப்பதால்தான். அவர்களுக்குக் குறைவாயிருந்தது காலம். காலத்தை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது. முன்னதாகத் தொடங்குவதே அதற்குத் துணை.

இவ்வளவும் செய்தவன் கட்டாயம் ஜெயிப்பான் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். அப்படி வாக்குக் கொடுப்பது பொய்யாகும். இடங்கள் கொஞ்சம், ஓடுகிறவர்கள் ஏராளம். நேர்மையாய் ஓடித் தோற்கிற பிள்ளைகள் இருப்பார்கள்; அவர்களுடைய வீட்டில் அன்று உலை கொதிக்காமலும் போகலாம். அந்த நேரத்தில் அவர்களுக்கு "யோக்கியமாய் இருந்தாயே, சந்தோஷப்படு" என்று சொல்லிவிட்டுப் போவது நமக்கு அடுக்காது. நேர்மையின் விலையை ஏழைப் பிள்ளை ஒருவனே தன்னந்தனியாய்க் கொடுக்கும்படி விட்டுவிட்டு, ஊர் முழுவதும் அவனுக்குப் புத்திமதி சொல்லிக்கொண்டிருப்பதும் ஒருவகை அநீதிதான். ஆகையால் உள்ளவர்கள் கேளுங்கள். மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளில் யாருக்குக் காலையில் ஒரு டம்ளர் பாலும் இரண்டு முட்டையும் இல்லையென்று விசாரியுங்கள். ஓராறு மாதம் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். போலீஸிலும் இராணுவத்திலும் இருந்து ஓய்வுபெற்றவர்கள் வாரத்தில் ஒரு நாள் அவர்களோடு மைதானத்தில் நில்லுங்கள். தோற்றவனுக்கு அடுத்த வழியைத் தேடிக்கொடுங்கள். "ஊசி போடாதே" என்று சொல்ல அப்போதுதான் நமக்கு உரிமை வரும்.

முடிவாக, வீட்டில் எல்லோரும் நினைவில் வைக்கத்தக்க சில காரியங்களைச் சுருக்கிச் சொல்கிறேன். எதையும் வாங்குமுன் குறை எதுவென்று கேளுங்கள். தெரியாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரைக் கேளுங்கள். முதலில் சாப்பாட்டை நேராக்குங்கள். அதையும் வீட்டில் எல்லோருக்கும் நேராக்குங்கள். 18 வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இவ்வகைத் தூள்களை வைத்தியர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் சொந்தப் புத்தியில் எதையும் தொடவேண்டாம். வயதுவந்து, ஆரோக்கியமாயிருந்து, ஒழுங்காய்ப் பயின்று, தன் பணத்தில், உரிம எண்ணுள்ள நல்ல பொருளை அளவோடு வாங்குகிறவனைக் குற்றவாளிபோல் பார்க்கவேண்டாம். அவன் செய்வது பாவமல்ல. பெயரில்லாத மாத்திரையையும், வைத்தியர் கையிலல்லாத ஊசியையும் யார் கொடுத்தாலும் மறுத்துவிடுங்கள். ஏற்கெனவே அந்தப் பழக்கத்தில் விழுந்தவர்கள் பயந்து ஒளியவேண்டாம். திடீரென்று நிறுத்துவதிலும் சில சமயம் ஆபத்துண்டு. ஆகையால் அரசாங்க ஆஸ்பத்திரி வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். பெற்றோரே, அப்படிச் சொல்ல வருகிற பிள்ளையை அடிக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒருசந்தியும் சுத்தபோசனமும் அறிந்த குடும்பங்கள் நாம். உணவைக் குறைப்பதிலும் ஒரு அளவுண்டு, கூட்டுவதிலும் ஒரு அளவுண்டு என்று நமக்குப் புதிதாய்க் கற்பிக்கவேண்டியதில்லை. நம் வாலிபர் திடகாத்திரமாய் வளரட்டும். அந்தப் பலம் வீட்டுக்குத் தாங்கலாகவும், ஊருக்குக் காவலாகவும் இருக்கட்டும். வருகிற ஞாயிறு பூசைக்குப்பின், ஓட்டப் பயிற்சி செய்கிற பிள்ளைகளும் அவர்களுக்கு உதவ மனமுள்ளவர்களும் கோயில் மண்டபத்தில் சற்று நேரம் கூடினால், யாருக்கு என்ன குறை, யாரால் என்ன கூடும் என்று சேர்ந்து யோசிக்கலாம். சர்வேசுரன் உங்கள் பிள்ளைகளுக்குத் தேகபலத்தையும், அதைச் சரியாய்ச் செலவிடும் புத்தியையும் தந்தருள்வாராக.

இங்ஙனம்,
உங்கள் பங்குக்குரு